பந்து எங்கே நிற்கிறது?

“மோட்டாருக்குச் சக்தி பத்தலண்ணே. இன்னொரு மோட்டார் போட்டுடலாமா?”

மகள் செய்த லெகோ இயந்திரத்தைப் பெட்டியில் வைத்துக் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் தூக்கி வந்த ஒரு தம்பி கேட்டது இது. இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரே எதிர்க்கேள்விதான்: பந்து எந்த இடத்தில் நிற்கிறது? “நடுவுல எங்கயோ மாட்டுது” என்றார். அந்த “எங்கயோ”தான் சிக்கல். மோட்டார் பாவம், தன் வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருக்கும். தே தாரிக் வரட்டும், பெட்டியை அப்புறம் திறக்கலாம் என்றேன். அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்கு. ஒரு தொட்டியில் வந்து விழும் சிறு பந்துகளை மோட்டாரால் தூக்கி, உருட்டி, சுழற்றி அடுத்த தொட்டியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பயன் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. அடுத்த தொட்டி வேறொருவர் செய்த இயந்திரத்தினுடையது. இப்படிப் பத்து, ஐம்பது என்று வரிசையாக நிற்கும், கடைசிப் பந்து சுற்றி வந்து முதல் தொட்டியில் விழும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஜி.பி.சி. என்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் தனித்தனியாகச் செய்த இயந்திரங்கள் ஒரே வரிசையில் சேர வேண்டுமென்றால் ஒரு பொது அளவு வேண்டும். அமெரிக்காவின் ஸ்டீவ் ஹாசன்பிளக் 2005 வாக்கில் பரப்பிய அளவைத்தான் இன்றும் உலகம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். தொட்டி வெளிப்புறம் பத்துக்குப் பத்து குமிழ், உள்ளே எட்டுக்கு எட்டு. உயரம் பத்துக் கட்டை, அதாவது 96 மில்லிமீட்டர். சராசரியாக நொடிக்கு ஒரு பந்து. மொத்தமாகக் கொட்டுகிறவர்கள் ஒரு தடவைக்கு 30 பந்துக்கு மேல் கொட்டக் கூடாது.

கடைசி இரண்டு விதிகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தைப் போட்டு, அது மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியதும் கைதட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஒரு பந்தைக் கடத்தாத இயந்திரமே கிடையாது. உலக ரோபோ ஒலிம்பியாட் 2012 இல் நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. அந்த மாதிரிப் போட்டிகளில் ஒரு ரோபோ இரண்டு நிமிடம் தப்பில்லாமல் ஓடினால் போதும், பதக்கம் கிடைத்துவிடும். பந்து இயந்திரமோ கண்காட்சி முடியும்வரை, பக்கத்தில் ஆள் இல்லாமலே ஓட வேண்டும். ஆயிரம் பந்தில் ஒன்று சிக்கினாலும், நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் பதினேழு நிமிடத்துக்கு ஒரு முறை வரிசை முழுவதும் நிற்கும்.

கணக்கைப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

மோட்டார் சுமையோடு நிமிடத்துக்கு 240 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பல் கியர் 40 பல் கியரைச் சுற்றினால் வேகம் ஐந்தில் ஒன்றாகிறது. அதே ஜோடியை இன்னொரு முறை போட்டால் இருபத்தைந்தில் ஒன்று, அதாவது 9.6 சுற்று. பந்து தூக்கும் சக்கரத்தில் ஆறு குழி இருந்தால் நிமிடத்துக்கு 57.6 பந்து. வருவதோ 60. வித்தியாசம் 2.4 பந்துதான் என்று தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 2.4 என்று தேங்கினால் பன்னிரண்டரை நிமிடத்தில் 30 பந்து தொட்டியில் கூடுதலாக நிற்கும். வீட்டில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாக இருந்திருக்கும். “இங்க வந்ததும் நின்னுடுச்சு” என்ற புகாரில் பாதி இந்தப் பன்னிரண்டரை நிமிடம்தான்.

இதுவும் ஒவ்வொரு குழியிலும் பந்து விழுந்தால் வரும் கணக்கு. உண்மையில் விழாது. ஐந்தில் ஒரு குழி காலியாகவே மேலே போகும் என்று வைத்துக்கொள்வது நல்லது. பிறகு பேட்டரி. ஆறு டபுள்-ஏ பேட்டரி போட்டால் புதிதில் 9 வோல்ட். ரீசார்ஜ் செய்யும் வகை என்றால் ஒவ்வொன்றும் 1.2, மொத்தம் 7.2. மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வேகமும் ஏறக்குறைய அதே பங்கு குறையும். சாதாரண பேட்டரியும் மாலைக்குள் அந்த நிலைக்கு இறங்கிவிடும். ஆக, குழியில் ஒரு 20 விழுக்காடு போனது, பேட்டரியில் இன்னொரு 20. இரண்டும் போன பிறகும் 60 தேற வேண்டுமென்றால் காகிதத்தில் 94 பந்தாவது இருக்க வேண்டும்.

இதற்கு இன்னொரு மோட்டார் வேண்டாம். இரண்டாவது ஜோடியில் 40 பல் கியரை எடுத்துவிட்டு 24 பல் கியரைப் போடுங்கள். வேகம் பதினைந்தில் ஒன்றாகிறது. 16 சுற்று, ஆறு குழி, 96 பந்து. இரண்டு முறை 20 விழுக்காடு கழித்தாலும் 61 மிஞ்சும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: 8-உம் 40-உம் சேரும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே 24 மில்லிமீட்டர், மூன்று துளை தூரம். 8-உம் 24-உம் சேர 16 மில்லிமீட்டர், இரண்டு துளை தூரம். எனவே அச்சையும் ஒரு துளை தள்ளி மாட்ட வேண்டும். சக்கரம் வேகமாகச் சுற்றினால் பந்து குழிக்குள் உருண்டு விழ நேரம் குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலிக் குழிகள் கூடினால், வேகத்தைப் பழையபடி குறைத்துவிட்டுக் குழிகளைப் பத்தாக்குவதுதான் வழி. அதிலும் அதே 96 வரும்.

இப்போது சிக்குவதற்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

லெகோ பந்தின் விட்டம் 14 மில்லிமீட்டர். குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, நம் தலைவலி எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. இரண்டு குமிழ் அகலத்தில் பாதை போட்டால் 16 மில்லிமீட்டர். பந்து ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு மில்லிமீட்டர் தாராளத்தோடு போகும். நான்கு குமிழ் என்றால் 32. இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் போகலாம், அப்போதும் நான்கு மில்லிமீட்டர் மிச்சம். மூன்று குமிழ் என்றால்? 24 மில்லிமீட்டர். ஒரு பந்துக்கு அதிகம், இரண்டுக்குக் குறைவு. ஒரு பந்து இந்தச் சுவரிலும் அடுத்தது எதிர்ச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய 45 பாகை சாய்வில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பின்னால் வரும் பந்துகள் தள்ளும் விசையில் ஒரு பங்கு முன்னே போகாமல் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். தள்ளத் தள்ள இறுகும். இங்கே மோட்டார் சக்தியைக் கூட்டுவது சிக்கலை இன்னும் பலமாக இறுக்குவதுதான்.

பாதை கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லதுதானே என்று எல்லோருக்கும் தோன்றும். நல்லதில்லை. ஒன்று, பந்து தாராளமாகப் போகும்படி வையுங்கள். இல்லையென்றால் பந்து நுழையவே முடியாதபடி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அளவு எதுவானாலும், அது பாதையோ சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கோ, என்றைக்காவது ஒரு பந்தைக் கவ்வும். தூக்கும் வாளியின் உதட்டுக்கும் தொட்டியின் தரைக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் பந்து அதில் புகாது. ஏழெட்டு மில்லிமீட்டர் இருந்தால் பந்தின் அடிவயிற்றை வாளி கவ்வி இழுக்கும்.

தொட்டியிலிருந்து ஒற்றைப் பாதைக்குப் போகும் வாயில் இன்னொரு இடம். கிள்ளான் ஃபெடரல் நெடுஞ்சாலையில் சாலைவேலைக்காக மூன்று தடத்தை ஒன்றாக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் யாரும் விட்டுக்கொடுக்காத மாலை ஆறு மணிக்கு. இரண்டு மூன்று பந்துகள் வாயில் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று தாங்கி வளைவாக நின்றுவிடும். பின்னால் எத்தனை பந்து அழுத்தினாலும் வளைவு உடையாது. சரிவைக் கூட்டினால் இன்னும் மோசம். இதற்கு மருந்து, கிளறும் கம்பி. அதே மோட்டாரிலிருந்து ஒரு சிறு கோலை எடுத்து, தொட்டியின் தரை வழியாக மேலும் கீழும் அசைய விடுங்கள். ஆனால் கம்பி பந்துகளை வாயை நோக்கித் தள்ளக் கூடாது. மேலேயோ பின்னேயோ தள்ள வேண்டும். வளைவு குலையும், பந்துகள் மறுபடி தாமாக உருளும். இந்தத் திசையைத் தலைகீழாக வைத்துவிட்டுக் கிளறி வேலை செய்யவில்லை என்று கழற்றிப்போட்டவர்கள் நிறையப் பேர்.

சங்கிலியில் வாளி கோத்துத் தூக்கும் வகையை நம் ஊர்க்காரர்கள் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். சன்வே இன்று மாலும் நீர்ப்பூங்காவுமாக இருக்கிறது, ஒரு காலத்தில் அது ஈயச் சுரங்க நிலம். பேராக்கின் தஞ்சோங் துவாலாங்கில் 1938 முதல் 1982 வரை ஓடிய ஈய மிதவைக் கப்பலை இன்றும் போய்ப் பார்க்கலாம். 4,500 டன். சாய்வான தூலத்தின் மேல் இரும்பு வாளிகள் சங்கிலியாகச் சுற்றி, குளத்தின் அடியிலிருந்து மண்ணை அள்ளி மேலே கொண்டுவந்து கொட்டும். அதன் முன்னால் நின்றால் சங்கிலியைச் செங்குத்தாக வைக்காமல் ஏன் சாய்த்தார்கள் என்று புரியும். சாய்வில் வாளி மேலே வரும்போது வாய் மேல்நோக்கியே இருக்கிறது, சிந்தினாலும் மண் வந்த குளத்திலேயே விழுகிறது. நம் மேசை இயந்திரத்துக்கும் அதேதான். வாளியிலிருந்து தவறும் பந்து தொட்டிக்கே திரும்ப உருளும்படி கீழே ஒரு சாய்தளம் போட்டுவிட்டால், தவறுவது ஒரு குறையாகவே இருக்காது. மேசைக்கடியில் உருண்டு போகும் பந்துதான் இழப்பு.

ஏதாவது சிக்கினால் இயந்திரம் தன்னையே உடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு. 24 பல் உள்ள ஒரு வெள்ளைக் கியர் கிடைக்கும். அதன் மேல் 2.5·5 என்று பொறித்திருக்கும். திருக்கு விசை 2.5 முதல் 5 நியூட்டன் சென்டிமீட்டரைத் தொட்டதும் நடுப்பகுதி வழுக்கிவிடும். நாம் மேலே போட்ட கணக்கில் கடைசி கியர் 24 பல்தானே, அதற்குப் பதிலாக இதையே மாட்டலாம். சக்கரத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்றால், விளிம்பில் 50 முதல் 100 கிராம் எடை தொங்கியது போன்ற சுமை வந்ததும் வழுக்கும். ஒரு சில பந்தைத் தூக்க அவ்வளவு தேவையில்லை. சிக்கிய பந்தை எடுக்கும்வரை மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இது இல்லாதபோது கேட்கும் “டக் டக்” சத்தம் கியர் பல் தாண்டும் சத்தம். அதைக் கேட்டதும் மோட்டாரை நிறுத்திவிடுங்கள்.

வீசி எறியும் கை, கவண் மாதிரியான வேலைகளை முதல் இயந்திரத்தில் தயவுசெய்து தொடாதீர்கள். பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் பேட்டரி இறங்க இறங்க பந்து விழும் இடம் மாறிக்கொண்டே வரும். அகியுகி என்ற பெயரில் உலகம் அறிந்த ஜப்பானியரின் இயந்திரங்களைக் காணொளியில் பாருங்கள். எனக்கு அவற்றில் வியப்பு, தூக்கும் நுட்பத்தைவிட ஒரு பகுதி அடுத்த பகுதிக்குப் பந்தைக் கொடுக்கும் விதம்தான். அவசரமே தெரியாது.

அன்று பெட்டியைத் திறந்ததும் நாங்கள் செய்தது இதுதான். மோட்டாரைக் கழற்றிவிட்டு அச்சை விரலால் சுற்றினோம். ஒரு சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் இறுகினால் எங்கோ கியர் கோணல். எல்லா இடத்திலும் இறுகினால் அச்சைப் பிடிக்கும் வளையங்களை அளவுக்கு மேல் நெருக்கியிருக்கிறோம், ஒரு நகக்கண் அளவு தளர்த்தினால் போதும். அது சரியாகவே இருந்தது. அடுத்து, பந்துகள் நிற்கும்போது குவியலைப் பார்க்காமல் குவியலின் முன்னால் நிற்கும் முதல் பந்தைப் பார்க்கச் சொன்னேன். குவியல் விளைவு, காரணம் எப்போதும் முதல் பந்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கைப்பேசியின் மெதுவோட்டக் காணொளியில் எடுத்ததும் தெரிந்தது: தொட்டியின் வாய் மூன்று குமிழ் அகலம்.

இரண்டு புறமும் அரைக் குமிழ் உள்ளே தள்ளிச் சுவரைக் கட்டி இரண்டாகக் குறைத்தோம். பந்துகளில் பாதி பிள்ளையின் கைப் பிசுபிசுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் போய் 40 பாகைக்கு மேல் சூடில்லாத சவர்க்கார நீரில் கழுவிக் காயவைக்கச் சொன்னேன். காய்ந்த பிறகு முப்பது பந்தையும் ஒரே கொட்டாகக் கொட்ட வேண்டும். அதைத் தாண்டினால் நொடிக்கு ஒன்றாக ஒரு மணி நேரம், கொஞ்சம் இறங்கிய பேட்டரியோடு. அதற்கு நடுவில் யாரும் கையை விடக் கூடாது, மகளும் கூட.

“ரெண்டாவது மோட்டார்?” என்றார், கோப்பையை வைத்துவிட்டு.

அடுத்த இயந்திரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.