கணவரின் கடனும் மனைவியின் காணியும்

நம்மிடம் முன்னர் கற்ற ஆசிரியை ஒருவர் சென்ற ஆண்டு நம்மைத் தேடி வந்தார். சீதனக் காணியிலுள்ள வீட்டின் கூரையை மாற்ற 5 இலட்சம் ரூபா தேவை. காணியை வங்கியில் ஈடுவைக்க எண்ணம். கணவரோ நண்பரொருவரின் லொறிக் கடனுக்குப் பிணைநின்றவர். நண்பர் தவணை தவறவே, இவருடைய பதிவும் பழுதாயிற்று. (பிணைக்கு ஒப்பமிடுவதில் நம்மவர் காட்டும் தாராளந்தான் என்னே!)

“இவருடைய பெயரால் என் விண்ணப்பமும் வீணாகுமோ, சேர்?” என்றார்.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம் பதிவைக் காட்டுமேயன்றிக் கடனை மறுப்பதில்லை, தீர்மானம் வங்கியினது. இருவரும் கூடி விண்ணப்பித்தால் இருவர் பதிவும் பார்க்கப்படும். மனைவி தனித்துக் கேட்பின் அவர் சம்பளமே அளவுகோல், தொகை குறையும்.

“ஆனால் இவருடைய கையொப்பமும் வேண்டுமாமே?”

ஆம். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணியை ஈடுவைக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஆயினும் சம்மதம் வேறு, பிணை வேறு. சம்மதித்த அளவில் ஒருவர் கடனாளியாகார். நீட்டப்படும் தாள் இவ்விரண்டில் எது என்பதை வாசித்தறிந்தே ஒப்பமிடுமாறு கூறியனுப்பினோம்.

தனித்தே விண்ணப்பித்தார். நொத்தாரிசு முன்னிலையில் கணவர் சம்மதம் எழுதிக் கொடுத்தார். கிடைத்தது 3 இலட்சம். வீட்டுக்குப் புதுக்கூரை, விறாந்தை மட்டும் இன்னும் பழைய ஓட்டோடு நிற்கின்றது.