பாவைகளோடு போதகரானவர்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் திரைக்குப் பின்னால் நின்று கைப்பாவைகளை ஆட்டிவந்த ஃபிரெட் ராஜர்ஸ், 1963இல் கிறிஸ்தவப் போதகரானார். ஆயினும் அவர் பாவைகளைக் கைவிடவில்லை. குழந்தைகளுக்கான நிகழ்ச்சியையே தம் ஊழியமாக்கிக்கொண்டார்.

பென்சில்வேனியா மாநிலத்தின் லட்ரோபில் 1928இல் பிறந்த ராஜர்ஸ், கல்லூரியில் இசை பயின்றவர். அடுத்து இறையியல் படிக்க எண்ணியிருந்தார். அப்போது தொலைக்காட்சியில், ஒருவர் முகத்தில் மற்றவர் தின்பண்டத்தை வீசியடிக்கும் கேளிக்கையைக் கண்டு மனம் வெறுத்தார். இத்தகைய கருவியை நல்லதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று அத்துறைக்கே சென்றார்.

1954இல் பிட்ஸ்பர்க் நகரின் பொதுத் தொலைக்காட்சியில் ‘தி சில்ட்ரன்ஸ் கார்னர்’ தொடங்கியது. ஜோசி கேரி திரையில் தோன்ற, ராஜர்ஸ் மறைவிலிருந்து ஆர்கன் வாசித்தார். டேனியல் என்ற வரிப்புலி முதலிய பாவைகளுக்குக் குரல் கொடுத்தார். அரங்கின் பின்னே ஓடும்போது ஓசை எழாதிருக்க ரப்பர் காலணி அணிந்தார்.

இதே ஆண்டுகளில், மதிய இடைவேளைகளில் பிட்ஸ்பர்க் இறையியல் கல்லூரிக்குச் சென்று படித்தார். 1962இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அவரை அபிஷேகம் செய்த பிரஸ்பிட்டீரியன் சபை, தொலைக்காட்சி வழியே குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஊழியம் செய்யும் பொறுப்பை ஒப்படைத்தது. இறையியலோடு, மார்கரெட் மெக்ஃபார்லண்ட் என்ற உளவியலாளரிடம் குழந்தை வளர்ச்சியையும் கற்றார்.

1963இல் கனடாவின் சி.பி.சி. ஒளிபரப்பு நிறுவனம்தான் அவரை முதலில் கேமரா முன் நிறுத்தியது. 1968 பிப்ரவரி 19 முதல் ‘மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்’ அமெரிக்கா முழுதும் ஒளிபரப்பானது. பார்க்கும் பிள்ளைகள் பல சமயத்தவர் என்பதால் அதில் அவர் வேத வசனம் ஓதவில்லை, மதம் பரப்பவில்லை. ஒவ்வொரு குழந்தையும் உள்ளபடியே அன்புக்குரியது என்பதைச் சொன்னார். சாவு, மணமுறிவு, கோபம் என்று பெரியவர்கள் பேசத் தயங்கியவற்றை நிதானமாக எடுத்துரைத்தார். பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாத அச்சத்தை டேனியல் புலி வெளிப்படுத்தியது.

நீச்சல்குளங்களில் கறுப்பினத்தவரை ஒதுக்கும் வழக்கம் முற்றிலும் மறையாத 1969இல், அந்நிகழ்ச்சியில் கறுப்பினக் காவலராக நடித்த ஃபிரான்சுவா கிளெமன்ஸுடன் ஒரே தண்ணீர்த் தொட்டியில் ராஜர்ஸ் கால் நனைத்தார். சமத்துவத்தை அந்தக் காட்சியே கற்பித்தது.

2001 வரை நிகழ்ச்சி தொடர்ந்தது; 2003இல் ராஜர்ஸ் மறைந்தார். டேனியல் புலியின் பிள்ளையை நாயகனாக்கி 2012இல் ஓர் அசைபடத் தொடர் தொடங்கியது. அவர் வகுத்த பாடங்கள் அதன் வழியே அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தன.