பின்னாடி ஊளையிடும் அம்பாசடர்: சத்தத்தைப் பிடிப்பது எப்படி?

உங்க தாத்தா வீட்டு ஷெட்டில் ஒரு அம்பாசடர் நிக்குதுன்னு வைங்க. 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினா பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஊளைச் சத்தம். மெக்கானிக் கேட்ட உடனே சொல்வார்: "கிரவுன் பினியன் போச்சு தம்பி, இறக்கிடலாம்." அவசரப்பட்டு சரின்னு சொல்லிடாதீங்க. 1958-ல் உத்தர்பாராவில் தொடங்கிய இந்தக் காரின் தயாரிப்பு 2014-லேயே நின்னுபோச்சு. நல்ல கிரவுன் பினியன் ஜோடி கிடைப்பது இன்னைக்குக் கஷ்டம். ஒன்றோடொன்று தேய்ந்து பழகின பற்களைக் கலைத்துவிட்டால், பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் லேசில்ல.

சத்தம் எங்கிருந்து வருதுன்னு காது சொல்றதை நம்பாதீங்க. ஹவுசிங், லீஃப் ஸ்பிரிங், பாடி எல்லாமே இரும்பு. ஒரு மூலையில் பிறந்த சத்தம் இன்னொரு மூலையில் கேட்கும். கேட்க வேண்டிய கேள்வி வேற: எதை மாற்றினால் சத்தம் மாறுது?

முதல்ல காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து எஞ்சினை அதே வேகத்துக்கு முறுக்குங்க. சத்தம் வந்தா பின் ஆக்சிலை மறந்துடலாம். வரலைன்னா, ஆளில்லாத நேரான ரோட்டில் ஓட்டிப் பாருங்க. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால், பற்களின் இழுக்கும் பக்கம் தேய்ந்திருக்கலாம். காலை எடுத்ததும் மட்டும் கத்தினால் பற்களின் மறுபக்கத்தையும், பினியன் பேரிங் தளர்ந்திருக்கான்னும் பார்க்கணும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி "கர்ர்"னு உறுமினால் வீல் பேரிங் மேல சந்தேகம் போகணும். லேசா இடம், வலம் வளைத்துப் பாருங்க. எடை ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்க பேரிங் சத்தம் கூடும். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியதும் குரலே மாறினால், குற்றவாளி டயர்! கிளட்சை விடும்போது ஒரே ஒரு "டக்" வந்தா யு.ஜே. கிராஸையும், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யு-போல்ட்டையும் பாருங்க.

இனி நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச கணக்கு. டயர் ஒரு சுற்றில் 2 மீட்டர் போகுது, கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 9 பல்னு எடுத்துக்குவோம். (உங்க வண்டியில் எண்ணிக்கை வேறா இருக்கலாம், எண்ணிப் பாருங்க.) 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்குச் சுமார் 8.3 சுற்று. புரொப்பல்லர் ஷாஃப்ட் சுமார் 38 சுற்று. ஷாஃப்ட் ஒருமுறை சுற்றும்போது யு.ஜே. இரண்டுமுறை ஆடும், அது 76 ஹெர்ட்ஸ். பற்கள் கடிக்கும் சத்தம் 8.3 × 41, அதாவது சுமார் 340 ஹெர்ட்ஸ். 9 குண்டு உள்ள வீல் பேரிங்கின் வெளிவளையத்தில் பழுதுன்னா சுமார் 30 ஹெர்ட்ஸ். வித்தியாசம் எவ்வளவு தெளிவு பாருங்க! போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, பக்கத்து சீட்டில் நண்பனை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்க. வேகத்தைக் கூட்டும்போது மேலேறும் கோடு 340-க்குப் பக்கத்தில் நின்றால் பல்தான். செமஸ்டரில் படிச்ச ஃபூரியர் கடைசியில் ஒரு வேலைக்கு வந்துச்சு.

ஸ்டாண்டில் தூக்கி நீளமான ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பதும் உண்டு. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்கவே கூடாது. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஓடவிட்டால், டிஃபரன்ஷியல் காரணமா அது இரட்டை வேகத்தில் சுற்றும்: மீட்டரில் 40 காட்டினா சக்கரம் 80-ல் ஓடுது. ரோட்டு எடை இல்லாததால் சில சத்தங்கள் இங்கே வராமலே போகும்.

திறப்பதற்கு முன் ஆயிலைப் பாருங்க. ஹைபாய்டு கியரில் பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே கடிப்பதால் பற்கள் உருளுவதோடு நீளவாக்கில் சறுக்கவும் செய்யும். அதற்கு ஈ.பி. சேர்மானமுள்ள கியர் ஆயில் வேணும், சாதா எஞ்சின் ஆயில் ஊத்தினா சீக்கிரமே பல் அரிச்சுடும். வடிக்கும்போது ஆயிலில் இரும்புத் துகள் மின்னுதா, கூடவே மரத்தூள் வருதான்னும் கவனிங்க. ஊளையை மறைக்க ஹவுசிங்கில் மரத்தூள் திணித்து வண்டியை விற்பது பழைய வியாபாரிகள் வித்தை.