நடைக்குக் கூலி இல்லை

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குப் ‘பயராபீஸ்’ என்று பெயர். வெடிக்குள் போகும் ரசாயனக் கலவை ‘மருந்து’. எங்காவது ஓர் ஆலை வெடித்தால் மறுநாள் செய்தியில் ‘உராய்வு காரணமாக’ என்று வந்துவிடும். யார் உரசினார், அவருக்கு என்ன அவசரம் என்பது வராது. பின்னாலேயே ‘தொழிலாளர்களின் அறியாமை’ என்ற விளக்கமும், ஒரு விழிப்புணர்வு முகாமும்.

அறியாமையா? அறை வாசலில் இருக்கும் உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போக வேண்டும். நைலான் புடவை ஆகாது. மருந்துப் பக்கம் இரும்புச் சாமான் கூடாது. கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் இறங்கினால் அது தானாகவே சூடேறும், மிச்சம் வைத்தது மறுநாள் கைபட்டதும் பற்றிக்கொள்ளலாம். சில மாதம் வேலை பார்த்தவருக்கே இதெல்லாம் மனப்பாடம்.

ஆனால் கூலி எண்ணிக்கைக்கு. எத்தனை குழாயில் மருந்து அடைத்தோமோ அத்தனைக்குத்தான் காசு. மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமாக வாங்கிவர நாலு தடவை நடந்தால், அந்த நடைக்குக் கூலி கிடையாது. ஆகவே ஒரே நடையில் அள்ளிவந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அறைக்கு 4 பேர் என்பது விதி. தீபாவளி நெருங்கினால், அதுவும் உள்குத்தகைக்குப் போன ஆலையென்றால், மீதிப் பேர் மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். காற்றோட்டமாக இருக்கிறதே என்று அதற்கும் ஒரு சமாதானம் உண்டு.

ஆபத்துக்கும் அங்கே ஒரு படிநிலை இருக்கிறது. மருந்து கலக்குவதுதான் பயப்பட வேண்டிய வேலை. திரி சொருகுவதும் பெட்டி போடுவதும் சும்மா கைவேலை, பெண்பிள்ளைகள் பார்ப்பது. வெடிப்புக்கு இந்தப் படிநிலை தெரியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிப்பில் இறந்தவர்களில், வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடிவந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் மருந்து கலக்க வந்தவர்கள் அல்லர்.

2021 பிப்ரவரி 12, அச்சங்குளத்தில் இன்னொரு ஆலை வெடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கே ஆலையைப் பிரித்துப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டிருந்தது பிறகுதான் பேச்சானது.

முகாம் நடத்துகிற அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை தொழிலாளியை உட்காரவைத்துப் பாடம் எடுக்கும் முன், ஆலைக்காரரின் கூலிக் கணக்கை வாங்கிப் பாருங்கள். மருந்து வாங்க நடக்கிற நடைக்கு அதில் ஒரு பைசாவாவது எழுதியிருக்கிறதா?