கொள்ளையடிக்க வந்தவர்கள் கடை வைத்த கதை

அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினுக்கு மேற்கே ஐலண்ட்பிரிட்ஜ், கில்மெய்ன்ஹாம் என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. அங்கே 19ஆம் நூற்றாண்டில் மண்ணை வெட்டியபோது, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இடுகாடு வெளிப்பட்டது. அதில் வாள்களும் ஈட்டிகளும் கிடைத்தன. அவற்றோடு தராசுகளும் ஈய எடைக்கற்களும் கிடைத்தன. வாளும் தராசும் ஒரே இடுகாட்டில் வந்தது எப்படி? தராசைப் பிடித்துப் பிழைக்கும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

வந்தவர்கள் யார்?

இன்றைய நார்வே, டென்மார்க் பகுதிகளிலிருந்து கடல் வழியாக வந்தவர்களை வைக்கிங்குகள் என்கிறோம். கி.பி. 795இல் அவர்கள் அயர்லாந்துக் கரையோரத் தீவுகளை முதன்முதலாகத் தாக்கினார்கள். மடங்களில் இருந்த வெள்ளியும் பொன்னும் அவர்களுக்கு இலக்காயின. ஆட்களையும் பிடித்துச் சென்று அடிமைகளாக விற்றார்கள். 821இல் டப்ளின் அருகே ஹவ்த் என்ற இடத்திலிருந்து ஏராளமான பெண்கள் சிறை பிடிக்கப்பட்டதாக அந்நாட்டு ஆண்டுக் குறிப்புகள் கூறுகின்றன.

கோடையில் வந்து அடித்துக்கொண்டு போனவர்கள், 841இல் லிஃபி ஆற்றங்கரையில் கப்பல்களை நிறுத்தி, வேலியிட்டுத் தங்கிவிட்டார்கள். அதுவே டப்ளின் நகரின் தொடக்கம். 902இல் உள்ளூர் அரசர்கள் அவர்களை விரட்டினார்கள். 917இல் திரும்பி வந்தார்கள். இம்முறை வந்தவர்கள் எழுப்பியது ஒரு நகரத்தை. வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு, லிமெரிக், கார்க் ஆகிய துறைமுக நகரங்கள் வளர்ந்ததும் அவர்களால்தான். அதற்கு முன் அந்நாட்டில் மடங்களைச் சுற்றிக் குடியிருப்புகள் உண்டு. கடலோர வணிக நகரம் என்பது கிடையாது.

நகரத்தில் என்ன விற்றது?

1974 முதல் 1981 வரை டப்ளினில் உட் கீ, ஃபிஷாம்பிள் தெரு ஆகிய பகுதிகளில் பெரும் அகழாய்வு நடந்தது. ஃபிஷாம்பிள் என்றால் மீன் அங்காடி என்று பொருள். அங்கே மரக்கால் நட்டு, கொம்புகளால் தட்டி பின்னிய சுவர் வைத்த வீடுகள் வரிசையாகத் தென்பட்டன. மனைக்கு மனை வேலி இருந்தது. வீடுகளைப் பலமுறை இடித்துக் கட்டியும் மனை எல்லைகள் மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருந்தன. இடத்துக்கு மதிப்பு வந்துவிட்ட ஊர் அது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

பால்டிக் கரையின் அம்பர், வடகடல் வால்ரஸ் தந்தம், கிழக்கு நாட்டுப் பட்டு எல்லாம் அங்கே கிடைத்தன. அயர்லாந்திலிருந்து தோலும் கம்பளித் துணியும் வெளியே போயின. அடிமைகளும் போனார்கள். வணிகம் என்ற பெயரில் நடந்த இந்தக் கொடுமையை மறைத்துவிட்டு அந்நகரின் செழிப்பை மட்டும் பேசுவது நியாயமாகாது. 980இல் தாரா போரில் வென்ற மாயல் செக்னல் என்ற அயர்லாந்து மன்னர், டப்ளினில் அடிமைப்பட்டிருந்த தம் மக்களை விடுவித்தார். 989இல் மீண்டும் முற்றுகையிட்டு, மனை ஒன்றுக்கு ஓர் அவுன்ஸ் பொன் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் இரவில் செலுத்த வேண்டும் என்று விதித்தார். ஊரைக் கொளுத்துவதைவிட வரி வாங்குவதே லாபம் என்று மன்னர்களும் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்!

எடையும் நாணயமும்

தொடக்கத்தில் அங்கே நாணயம் அடிக்கப்படவில்லை. வெள்ளியைத் துண்டு துண்டாக வெட்டி, நிறுத்துத்தான் கொடுக்கல் வாங்கல் நடந்தது. டப்ளினில் கிடைத்த ஈயக் கற்கள் சுமார் 26.6 கிராம் என்ற அளவை அடிப்படையாகக் கொண்டவை என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். வேற்று மொழி பேசும் இருவர் பேரம் பேசும்போது, இருவரும் ஒப்புக்கொள்ளும் கல் ஒன்று வேண்டுமல்லவா?

சுமார் 997இல் டப்ளின் மன்னர் சிட்ரிக், அயர்லாந்தின் முதல் நாணயத்தை வெளியிட்டார். இங்கிலாந்து மன்னர் எதெல்ரெட்டின் வெள்ளிப் பென்னியைப் பார்த்து அடித்த நாணயம் அது. முதலில் எடை சரியாக இருந்தது. காலப்போக்கில் எடை குறைந்தது. எழுத்துகளும் வெறும் கோடுகளாகத் தேய்ந்தன. வெளிநாட்டுச் சந்தையில் அதன் மதிப்பும் இறங்கியது. எடை குறைந்த சரக்குக்கு நேரும் கதியே எடை குறைந்த காசுக்கும் நேர்ந்தது.

சொல்லில் நின்ற உறவு

1014இல் குளோன்டார்ஃப் போரில் பிரையன் போரு என்ற மன்னர் வைக்கிங்குகளை நாட்டை விட்டே துரத்தினார் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியல்ல. இரு தரப்பிலும் அயர்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். சிட்ரிக் பிரையனின் சொந்த மருமகன்! பிரையன் போரில் இறந்த பிறகும் சிட்ரிக் 1036 வரை டப்ளினை ஆண்டார். கிறைஸ்ட் சர்ச் என்ற பெரிய தேவாலயத்தை நிறுவியவரும் அவரே. பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே மதத்தில் சேர்ந்து, வந்தவர்கள் அந்நாட்டவராகவே ஆகிப்போனார்கள்.

அவர்கள் கொடுத்த சொற்களைப் பார்த்தால் நமக்கு வியப்பு உண்டாகும். அயர்லாந்து மொழியில் சந்தையைக் குறிக்கும் சொல் வடவர் மொழியிலிருந்து போனது. அவரை வகைப் பயறுக்கும், காட் மீனுக்கும், கப்பலின் சுக்கானுக்கும், நங்கூரத்துக்கும் உரிய சொற்களும் அப்படியே. சன்னலுக்கு அவர்கள் தந்த சொல்லின் பொருள் ‘காற்றின் கண்’. நம் பழந்தமிழில் சன்னலுக்குக் ‘காலதர்’ என்று பெயர்; காற்று வரும் வழி என்று பொருள். சந்தை, சரக்கு, கப்பல், வீடு: பழகியவர்களிடமிருந்துதான் இத்தகைய சொற்கள் வரும்.

மெக்காலிஃப் என்ற குடும்பப் பெயரில் ஓலாஃபும், மெக்கைவரில் ஐவரும் ஒளிந்திருக்கிறார்கள். ஆனால் 2006இல் இத்தகைய பெயருள்ள ஆண்களின் மரபணுவைச் சோதித்தபோது வடவர் சுவடு மிகக் குறைவாகவே தென்பட்டது. 2017இல் வெளியான விரிவான ஆய்வோ, நார்வே வழித் தொடர்பு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்றது. ஐஸ்லாந்தில் இதன் மறுபக்கம் தெரிகிறது. அங்கு குடியேறியவர்களில் ஆண்கள் பெரும்பாலும் வடவர். பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வழியினர் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களில் எத்தனையோ பேர் விரும்பிப் போனவர்கள் அல்லர்.

1978இல் உட் கீ பகுதியில் மாநகராட்சி அலுவலகம் கட்ட முற்பட்டபோது, சுமார் 20,000 பேர் டப்ளின் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். கட்டடம் எழுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனாலும் தோண்டி எடுத்த பொருள்கள் தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. ஒரு காலத்தில் தங்கள் முன்னோரைக் கொள்ளையடித்தவர்களின் தெருவைக் காப்பாற்ற அந்த மக்களே திரண்டது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வாளோடு வந்தவரை ஊர் விரட்டியது. அவரே தராசோடு திரும்பி வந்து, சரியாக நிறுத்து, உள்ளூரில் சம்பந்தம் செய்து, உள்ளூர் மொழியைப் பேசியபோது ஊர் அவரைத் தன்னவராக ஏற்றது. நம்மில் பலரும் பிறந்த ஊர் ஒன்று, கடை வைத்த ஊர் வேறு என்று வாழ்பவர்கள்தாம். வந்த ஊரில் நமக்கு வேர் பிடிக்கச் செய்வது கல்லாவில் சேரும் பணமன்று. தராசின் முள் நேராக நிற்பதே.