பிள்ளை ஏறும் வானில் புகைக்குழாய் நலமா?

பாடசாலை விட்டு வந்த பிள்ளை, புத்தகப்பையை வைத்ததும் வைக்காததுமாக "தலையிடிக்குது உம்மா" என்கிறதா? வானில் ஏறினால் சத்தி வருவதாகச் சொல்கிறதா? வெயில், பசி, பயணக் களைப்பு என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் இறங்கி நல்ல காற்றுப் பட்டதும் அந்தத் தலையிடி குறைந்து, மறுநாள் வானில் ஏறியதும் திரும்பவும் வருகிறதென்றால், பிள்ளைக்கு மருந்து கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. வானின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்களில் பல மிகப் பழையவை. 'டொல்பின்' என்று நாம் செல்லப்பெயர் வைத்த டொயோட்டா ஹைஏஸ் இன்றும் தெருவில் ஓடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அத்தனை காலமும் பழைய வான்களே பாரத்தைச் சுமந்தன. பழையதாக இருப்பது குற்றமல்ல. கறள் தின்ற புகைக்குழாயோடு ஓடுவதுதான் ஆபத்து.

காலடிக்குக் கீழே ஒரு புகைக்கூடு

சைலன்சர் என்றால் சத்தத்தைக் குறைப்பது என்றே நினைக்கிறோம். அது பாதி வேலைதான். குசினியின் புகைக்கூட்டைப் போல, எஞ்சினில் எரிந்த புகையை வழியில் கசியவிடாமல் வெளியே கொண்டுபோய் விடுவதே இந்தக் குழாயின் முதல் வேலை. இவ்வகை வான்களில் எஞ்சின் இருப்பது முன் ஆசனங்களுக்கு அடியில். அங்கிருந்து குழாய், பிள்ளைகளின் காலடிக்குக் கீழாகவே பின்பக்கம் போகிறது. இடையில் ஓட்டை விழுந்தால், தரைத் தகட்டின் துவாரங்களாலும் எஞ்சின் மூடியின் இடுக்காலும் புகை உள்ளே ஏறும். பின்கதவின் றப்பர் பழுதென்றால், வான் ஓடும்போது பின்னால் சுழலும் காற்று, வெளியே விட்ட புகையையும் உள்ளே இழுத்து வரும்.

அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆனால் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். உடம்புக்குப் போக வேண்டிய ஒட்சிசன் குறைய, தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், தூக்கம் என்று தொடங்கும். அளவு கூடினால் உயிரையே பறிக்கும். பெற்றோல் வானில் இந்த வாயு அதிகம். டீசலில் குறைவுதான். ஆனால் டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012 இல் அறிவித்தது. சிறுபிள்ளைகள் பெரியவர்களை விட வேகமாக மூச்செடுப்பவர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

உள்ளிருந்தே அரிக்கும் கறள்

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும் வானில் குழாய் நன்றாகச் சூடேறி, இந்த ஈரம் வெளியேறிவிடும். வீட்டுக்கு வீடு நின்று நின்று ஓடும் பாடசாலை வானில் அது சைலன்சருக்குள்ளேயே தேங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்து தின்னும். கரையோர ஊர்களில் உப்புக்காற்று வெளியிலிருந்து தின்னும். மேலே பார்க்கத் தகடு நன்றாகத் தெரியும். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பொத்துக்கொண்டு போகும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணியதும் முன் ஆசனத்துக்கு அடியில் "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால், மனிபோல்ட் கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். குழாய் பொருந்தும் இடங்களில் கரி படிந்திருப்பதும், வானுக்குள்ளே புகை மணப்பதும் கசிவுக்கு அடையாளங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக 2008 முதல் நடைமுறையில் உள்ள புகைப் பரிசோதனையில் பாஸாகிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். அது குழாயின் நுனியில் வரும் புகையை வருடத்துக்கு ஒரு தடவை அளப்பது. அடுத்த மாதமே நடுவில் ஓட்டை விழலாம்.

ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

"ஒரு துண்டு வைத்து வெல்டிங் அடித்துவிடுவோம்" என்பார்கள். நல்ல தகட்டில் விழுந்த சிறு வெடிப்புக்கு அது சரி. கறள் தின்ற குழாயில் ஓட்டையைச் சுற்றியுள்ள இடமும் கடதாசி போல் மெலிந்திருக்கும். இன்று ஒட்டினால் பக்கத்தில் இன்னொன்று விழும். இப்படி மூன்று நான்கு தடவை கராஜுக்குக் கொடுக்கும் காசை, ஒரேயடியாகப் புதுக்குழாய்க்குக் கொடுப்பது இலாபம். பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் வாங்குவதென்றால், தட்டிப் பார்த்து, உள்ளே கறள் கொட்டுகிறதா என்று குலுக்கிப் பார்த்தே வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டு வான் கராஜுக்குப் போகிறதென்றால் பாஸிடம் சில விடயங்களைக் கேட்டு வையுங்கள். கேஸ்கட்டுகளும் குழாயைத் தாங்கும் றப்பர்களும் புதிதாகப் போடப்பட வேண்டும். கறள் பிடித்த நெட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திருகி மனிபோல்ட் ஸ்டட் முறிந்தால் செலவு இரட்டிப்பாகும். வெல்டிங் அடிக்கும்போது பற்றரி வயரைக் கழற்றி வைப்பதும், எண்ணெய்த் தாங்கிக்கு அருகில் நெருப்பைக் கொண்டுபோகாமல் இருப்பதும் அவசியம். முழுக் குழாயையும் முதலில் தளர்வாகத் தொங்கவிட்டு, தரையிலும் பிரேக் குழாயிலும் முட்டாமல் பார்த்து, அதன்பின் முன்னிருந்து பின்னாக இறுக்குவதே முறை. சில நாள் ஓடியபின் சூட்டில் தளர்ந்த நெட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பெற்றோல் வானில் புகையைச் சுத்திகரிக்கும் கன்வேட்டருக்குள் பிளாற்றினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போட இடம் கொடுக்காதீர்கள்.

வான் நானாவிடம் எப்படிச் சொல்வது?

பிள்ளைகள் போகும் வான் இன்னொருவருடையதென்றால், குறை சொல்வது போல் பேசாமல், இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து பக்குவமாகச் சொல்லுங்கள். அந்த வான்தான் அவரது வீட்டின் அடுப்பையும் எரிய வைக்கிறது. கையில் காசில்லாததால் தள்ளிப் போட்டிருக்கலாம். ஒரு மாத வான் கூலியை எல்லோரும் முற்பணமாகக் கொடுத்தால், லீவு நாட்களில் வேலையை முடித்துவிடலாம். அதுவரை கண்ணாடிகளைத் திறந்து வைத்தே ஓடச் சொல்லுங்கள். பின்கதவு இறுக மூடியிருக்கட்டும். பிள்ளைகள் ஏறியிருக்க எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி வைக்க வேண்டாம்.

நம் பிள்ளைகள் அந்தப் புகையில் இருப்பது காலையும் பகலும் சிறிது நேரம். அந்த நானாவோ எஞ்சினுக்கு மேலேயே நாள் முழுவதும் இருக்கிறார். அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.