அப்பப்பாவின் குரலை மீட்டுத் தந்த பென் டிரைவ்

ஞாயிறு காலை. அம்மா வழக்கம்போல ஏவன்டேல் சந்தைக்குக் கிளம்பினார். குதிரைப் பந்தய மைதானத்தில் கூடுகிற அந்தச் சந்தைக்கு விடியவே போனால்தான் நல்ல கீரை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, அந்த லேப்டாப்பை ஒருக்கா பார். எல்லாத்தையும் அழிச்சாத்தான் சரிவருமெண்டு கடையில சொல்லிப்போட்டாங்கள். அப்பாட கதையெல்லாம் அதுக்குள்ளதானே கிடக்கு."

அப்பா போய் 2 வருஷம் ஆகிறது. என் மகளுக்காக அவர் தன் குரலில் பதிந்து வைத்த கதைகள் அந்தப் பழைய லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிற நான் அதற்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

லேப்டாப்பைத் திறந்தால் தயாரிப்பாளரின் சின்னம் வரும், பிறகு வெறும் கறுப்புத் திரை. ஆனால் இப்படி நடந்தால் படங்களும் குரலும் போய்விட்டன என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் விண்டோஸ் மட்டும் பழுதாகியிருக்கும். கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கும். வீட்டுக் கதவின் பூட்டுக் கெட்டால் உள்ளே இருக்கும் அலமாரி எரிந்துபோவதில்லையே!

கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. யூ.இ.எஃப்.ஐ. என்ற சிறிய நிரல்தான். (பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ்.) எந்த வட்டில் இயங்குதளம் இருக்கிறது என்று அது ஒரு வரிசைப்படி தேடும். அந்த வரிசையில் பென் டிரைவை முன்னால் வைத்தால், கணினி அதிலிருந்தே எழும்பும். பென் டிரைவில் லினக்ஸ் இருந்தால் அது கணினியின் நினைவகத்தில் ஓடும். உள்ளே இருக்கும் வட்டில் தானாக எதையும் எழுதாது. சொந்தச் சட்டி பானையோடு வந்து, சமைத்துவிட்டு, அடுப்படியைத் துடைத்துவிட்டுப் போகிற மாமி மாதிரி!

இது புது வித்தை அல்ல. 2000ஆம் ஆண்டிலேயே நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ், குறுந்தட்டிலிருந்து இப்படி ஓடியது. இப்போது குறுந்தட்டின் இடத்தில் பென் டிரைவ்.

என்னென்ன வேண்டும்?

வேலை செய்கிற இன்னொரு கணினி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று, கோப்புகளைப் பிரதி எடுக்க வேறொரு பென் டிரைவ் அல்லது வெளி வட்டு. முதல் பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். பிள்ளையின் பள்ளி வேலை ஏதும் அதில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

எப்படிச் செய்வது?

1. லினக்ஸ் மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்குங்கள். காசு இல்லை.

2. அந்தக் கோப்பைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் வேலை செய்யாது. பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற இலவச நிரலால் எழுத வேண்டும். கோப்பைத் தேர்ந்து, பென் டிரைவைத் தேர்ந்து, பொத்தானை அழுத்த வேண்டியதுதான். சரியான பென் டிரைவைத்தான் தேர்ந்தீர்களா என்று இரண்டு தரம் பாருங்கள்.

3. பழுதான லேப்டாப்பை முழுசாக அணைத்து, பென் டிரைவைச் செருகி, இயக்கியவுடன் பூட் மெனு விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப் 12. ஹெச்பி என்றால் எஃப் 9 அல்லது எஸ்கேப். ஏசூஸ் என்றால் எஸ்கேப் அல்லது எஃப் 8. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

4. சில நிமிடத்தில் லினக்ஸ் திரை வரும். அங்கே "இன்ஸ்டால்" என்று ஒரு படம் தெரியும். இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். கோப்புறையைத் திறந்து, லேப்டாப்பின் வட்டைச் சொடுக்கி, "யூசர்ஸ்" என்பதற்குள் உங்கள் பெயரைத் தேடுங்கள். படங்கள், குரல்கள் எல்லாம் அங்கே இருக்கும். வெளி வட்டுக்குப் பிரதி எடுங்கள்.

மூன்று எச்சரிக்கை

வட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது வட்டே பழுதான அடையாளம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடலாம். தரவு மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும்.

இரண்டாவது, பிட்லாக்கர். புதிய லேப்டாப்கள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது பெரும்பாலும் அந்த லேப்டாப்பில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வீட்டில் பெரியவர்களின் லேப்டாப் இருந்தால், அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். அவர்கள் இல்லாத காலத்தில் கேட்க முடியாது.

மூன்றாவது, செக்யூர் பூட்டை அவசரப்பட்டு அணைக்காதீர்கள். மின்ட், உபுண்டு இரண்டும் பொதுவாக அது இருக்கும்போதே ஓடும். பிட்லாக்கர் இருக்கும் கணினியில் அதை மாற்றினால் விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்டு நிற்கலாம்.

எங்கள் லேப்டாப்பில் பூட்டு இல்லை. அம்மா கீரைக் கட்டோடு திரும்பி வந்தபோது மேசையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. முதலையும் குரங்கும் கதை. நடுவில் ஒரு இருமல், "பொறு பிள்ளை, தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று ஒரு நிறுத்தம். அம்மா பையைக் கீழே வைக்கவே இல்லை. கதை முடியும்வரை அப்படியே நின்றார்.

அன்றைக்கே 3 பிரதிகள் எடுத்தோம்: வெளி வட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, தங்கச்சி வீட்டில் ஒன்று. ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்தால் ஒரு தீயோ வெள்ளமோ போதும்.

பழைய லேப்டாப்பை என்ன செய்வது? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இந்த லேப்டாப் விண்டோஸ் 11க்கான தகுதியும் பெறாது. கோப்புகள் பத்திரமான பிறகு, அதே பென் டிரைவிலிருந்து "இன்ஸ்டால்" அழுத்தி லினக்ஸ் மின்ட்டையே போட்டுவிட்டேன். 4 ஜிபி நினைவகத்தில் தாராளமாக ஓடுகிறது.

தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அதனால் "அம்மா" என்று எழுத 4 தட்டு போதும்.

மகள் இப்போது அதில் கதை கேட்கிறாள். போன கிழமை தானாகவே ஒரு கோப்புறை திறந்து, எழுத்துக்கு எழுத்து தேடித் தட்டிப் பெயர் வைத்திருந்தாள்: "அப்பப்பா".